தையல் மெஷின் பக்கத்திலேயே ஆரம்பியுங்கள்

கேள்வி: நான் கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். பெரியவள் அரசுப் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் முதல் வருஷம். சின்னவன் மாநகராட்சிப் பள்ளியில் எட்டாவது. மகள் காலேஜ் போனதிலிருந்து தெருவில் பல பேர், 'எப்படிக்கா படிக்க வெச்ச, எங்களுக்கும் சொல்லேன்' என்று கேட்கிறார்கள். நானும் இரண்டு தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை ஒழுங்காக ஸ்கூலுக்கு அனுப்புங்கள், படிப்பைக் கவனியுங்கள் என்று பேச ஆரம்பித்தோம். தோழிகளில் ஒருத்தி காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறாள், இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங். ஒரு வீட்டில், 'உன் வீட்டு வேலையைப் போய்ப் பாரு' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா அழுதுவிட்டார். எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. படிக்கத் தெரியாத பெற்றோர் பிள்ளைக்கு என்னதான் செய்ய முடியும்? ஸ்கூலில் போய்ப் பேசினால் 'நீங்க யாரு' என்று கேட்க மாட்டார்களா? ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் ஒரு மாதமாக மீன் பெட்டி தூக்கப் போகிறான், அவனை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? எந்த அமைப்பும் இல்லாமல் மூன்று பொம்பளைங்க இதைச் செய்வது சரியா என்று என் கணவர் கேட்கிறார். – பெயர் வேண்டாம், சென்னை 21

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரிதான், தாராளமாகச் செய்யுங்கள். பள்ளி சமூகப் பணியாளராக நான் குடும்பங்களோடு பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் நான் பையோடு ஒரு வாசலில் போய் நின்றால், 'ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க' என்று உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வருவார்கள். நான் என்ன கேட்டாலும் 'நல்லா படிக்கிறான் மேடம்' என்றுதான் பதில் வரும். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் தெருவில் தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், யார் வீட்டில் ராத்திரி சண்டை, எந்தப் பையன் ஸ்கூல் பையோடு கிளம்பி எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோதும் சாயங்கால வகுப்பு எடுக்க அந்தந்தப் பகுதியில் இருக்கும் தன்னார்வலர்களைத்தான் தேடியது. பக்கத்து வீட்டு அக்கா என்றால் பிள்ளை தானாக வந்து உட்காருகிறது. பெற்றோரும் அப்படித்தான்.

இப்போது அந்தச் சாத்திய கதவு. உங்கள் பேச்சில் தப்பு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரமும் ஆளும்தான் இடித்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆம்பளை வீட்டில் இருக்கும் நாள். அன்றைக்கு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வாசலில் போய் நின்றால், நம்ம பக்கத்தில் அது எதைப் போலத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். குழு லோனில் ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் இப்படித்தான் வந்து நிற்பார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறக்கும், பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறையும். அந்த அம்மாவுக்கு நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே மானம் போய்விட்டது. அதற்கப்புறம் நீங்கள் என்ன நல்லது சொன்னாலும் காதில் ஏறாது.

நீங்கள் வீடு வீடாகப் போகவே வேண்டாம் என்பேன். உங்கள் வீட்டுக்குத்தான் எல்லாரும் வருகிறார்களே. அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டுப் போக வருகிறார்கள், ஃபால்ஸ் வைக்க வருகிறார்கள். ஜூன் மாதம் ஆனால் 'பையன் வளர்ந்துட்டான்கா, பேன்ட்டைக் கொஞ்சம் இறக்கி விடேன்' என்று யூனிஃபார்மைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பேன்ட்டின் மடிப்பைப் பிரித்துக்கொண்டே, 'எந்த கிளாஸ் இப்போ? மிஸ் யாரு?' என்று கேளுங்கள். வேறு எதுவும் வேண்டாம். பதில் உடனே வந்தால் அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். 'ஏழோ எட்டோ, அவனைத்தான் கேக்கணும்' என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தரையைப் பார்த்தால், நீங்கள் தேடும் ஆள் அவர்தான். அன்றைக்கே அறிவுரையை ஆரம்பித்துவிடாதீர்கள். துணி வாங்க மறுபடி வருவார் இல்லையா, அப்போது பேசலாம்.

அழுத அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். பிள்ளை படிப்பில் அக்கறை இல்லாத பெற்றோரை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கப்படும் பெற்றோரை தினமும் பார்க்கிறேன். பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குப் போனால் எல்லார் முன்னாலும் 'உங்க பையன் சரியில்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கையெழுத்துப் போடச் சொன்னால் கை நடுங்கும். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். புத்தகத்தைத் திறந்தால் தனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, பையன் படிக்கிறானா சும்மா முணுமுணுக்கிறானா என்றே தெரியவில்லை. இதில் மீட்டிங்குக்குப் போக அரை நாள் கூலியும் போகும். அதனால் போகாமல் இருக்கிறார். பள்ளியில் அதை அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் வந்து 'படிப்பைக் கவனிங்க' என்றால் அழத்தான் தோன்றும். அந்த அம்மாவிடம் திரும்பப் போங்கள், தனியாக. 'அன்னிக்கு மூணு பேரா வந்து உன்னைச் சங்கடப்படுத்திட்டோம். அடுத்த மீட்டிங் எப்போன்னு சொல்லு, நானும் என் பையனுக்காக வரப்போறேன், சேர்ந்து போலாம்' என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதே இதுதான்: கூடப் போங்கள். சொல்லிவிட்டு வருவதைவிடக் கூடப் போவது ஆயிரம் மடங்கு பெரிய உதவி. பள்ளி வாசல் வரை ஒரு துணை, உள்ளே பெஞ்சில் பக்கத்தில் ஒரு துணை. போகும் வழியிலேயே என்ன கேட்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, 'எம்புள்ள எதுல நல்லா பண்றான் மிஸ்?' என்று இருக்கட்டும். குறையைச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருக்கும் ஆசிரியரும் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்தப் பையனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது தேடிச் சொல்லுவார். அதைக் கேட்ட அம்மா அடுத்த மாதமும் வருவார். இரண்டாவது கேள்வி, 'வீட்டுல நான் என்ன பண்ணணும்? எனக்குப் படிக்கத் தெரியாது' என்பது. இதைத் தலைநிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள். தெரியாது என்று தெரிந்தால்தான் ஆசிரியரும் அதற்கு ஏற்ற மாதிரி வழி சொல்ல முடியும்.

அடுத்தது, படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி. டியூஷனுக்குப் பணம் கட்டுவதைத் தவிர தனக்கு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம். அது உண்மை இல்லை. உங்கள் மீன்காரத் தோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரிகிறதோ இல்லையோ, எண் தெரியும். ஏலத்தில் கூடைக்கு என்ன விலை, கிலோ என்ன விழும் என்று மனசிலேயே கணக்குப் போடுகிறவர். அவர் பிள்ளையின் நோட்டைத் திறந்து மேல் ஓரத்தில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்தால் போதும். பன்னிரண்டாம் தேதியோடு நோட்டு நின்றுவிட்டது, இன்றைக்கு இருபது என்றால், நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஒரு நோட்டில் மட்டும் நின்றிருந்தால் அந்தப் பாடத்தில் சிக்கல். எல்லா நோட்டிலும் நின்றிருந்தால் பையன் பள்ளிக்கே போகவில்லை. சிவப்பு மை எங்கேயுமே இல்லை என்றால் நோட்டு ஆசிரியர் கைக்கே போகவில்லை. இதற்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டாம். நான் எத்தனையோ அம்மாக்களுக்கு இதைக் காட்டியிருக்கிறேன். அடுத்த நாளே பிள்ளை, 'எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்' என்று நம்ப ஆரம்பித்துவிடும்.

அப்புறம், பேசச் சொல்லுங்கள். ராத்திரி காய் நறுக்கும்போது, 'இன்னிக்கு மிஸ் இன்னா சொல்லிக் குடுத்தாங்க, எனக்குச் சொல்லு' என்று கேட்டால் போதும். இங்கிலீஷில் படித்த பாடத்தையும் தமிழில் சொல்லட்டும். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது முதலில் தனக்குப் புரிந்திருக்க வேண்டும். முழுங்கினால், தடுமாறினால், எங்கே ஓட்டை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் என்றால் பத்து நிமிஷம் சத்தம் போட்டுப் படிக்கட்டும். தப்பாகப் படித்தால் அம்மாவுக்குத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். சரளமாக வருகிறதா, எழுத்துக்கூட்டித் திணறுகிறதா என்பது காதுக்குத் தெரியும். மூன்றாவது படிக்கும் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத் திணறினால் அதை ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 ஜூனில் கொண்டுவந்ததே, எட்டு வயதுக்குள் பிள்ளை படிக்கவும் எளிய கணக்குப் போடவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். அதனால் கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று, கண். போர்டில் எழுதியது தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி, 'காப்பி அடிக்கிறான்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு. டிவிக்கு ரொம்பக் கிட்டே போய் உட்காருகிறானா, கண்ணைச் சுருக்குகிறானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நம்ம பக்கத்து வாழ்க்கைக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கு இருப்பது வேறு கணக்கு. இந்த இரண்டும் எங்கே மோதுகின்றன என்று கண்டுபிடிப்பதில் உங்கள் மூன்று பேரைப் போல யாராலும் உதவ முடியாது. உங்கள் தோழி ஏலத்துக்காகக் காசிமேட்டுக்கு விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். வீட்டில் பிள்ளையை எழுப்ப யார் இருக்கிறார்கள்? பையன் எட்டரைக்கு எழுந்து, ஓடி, லேட். லேட் என்றால் வாசலில் நிற்க வேண்டும். நாலு நாள் நின்ற பிறகு ஐந்தாவது நாள் பள்ளிக்குள் போகாமலே திரும்பிவிடுகிறான். ஆசிரியருக்கு இது ஒழுங்கீனமாகத் தெரிகிறது. உங்களுக்கு அதன் காரணம் தெரியும். பக்கத்து வீட்டில் ஒருத்தர் ஆறரை மணிக்கு ஒரு தட்டு தட்டினால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது. அந்த ஒருத்தரை ஏற்பாடு பண்ணிக் கொடுங்கள். இதுதான் நீங்கள் செய்யப்போகும் வேலையில் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். தண்ணி லாரி வரும் நாளில் குடம் பிடிக்க நிறுத்தப்படும் பெண் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி இரண்டு மூன்று வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அடுப்பு மூட்ட நேரம் இல்லாமல் லேட்டாகும் வீட்டில், 'சாப்பாடு அங்கேயே இருக்கு, நேரத்துக்கு அனுப்பிடு' என்று நினைவுபடுத்தினால் போதும்.

மீனவக் குடும்பங்களில் இன்னொரு மோதல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையில் காசு வறண்டு கிடக்கும் அந்த நேரத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம் அரசுப் பள்ளியில் கிடைத்துவிடும் என்றாலும், பஸ், டியூஷன், அது இது என்று வந்து நிற்கும். 'ரெண்டு வாரம் கழிச்சு அனுப்பலாம்' என்று வீட்டிலேயே நிறுத்தி வைக்கப்படும் பிள்ளை பல நேரம் வேலைக்குப் பழகிவிடுகிறது. அதனால் மே மாதக் கடைசியிலேயே அந்த வீடுகளில் போய், 'காசு வரட்டும்னு காத்திருக்காத, முதல் நாளே அனுப்பு' என்று சொல்லி வையுங்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த வேலையில் பணத்தைக் கொண்டுவராதீர்கள். சீட்டு, கைமாற்று, 'நான் டியூஷன் பீஸ் கட்டுறேன், அப்புறம் குடு' எதுவும் வேண்டாம். பணம் நடுவில் வந்த அன்றே நீங்கள் கடன்காரி ஆகிவிடுவீர்கள். உங்களைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கமாகப் போவார்கள்.

உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் காலேஜ் போவது தெருவுக்கே சந்தோஷம்தான். ஆனால் 'என் பொண்ணு இப்படிப் படிச்சா' என்று ஆரம்பித்தால், கேட்கிறவர் மனசில் உடனே தன் பிள்ளையோடு ஒப்பிடுதல்தான் ஓடும். அவள் ஏதாவது பாடத்தில் மார்க் குறைவாக வாங்கியபோது நீங்கள் என்ன பண்ணினீர்கள், அவள் பேச்சைக் கேட்காமல் போனபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். அதுதான் பயன்படும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று நம்ம வடசென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பணம் வருகிறது என்றால், அந்தத் தகவலை ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குச் சொல்லுங்கள். கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று அவர்கள் யோசிக்கும் வயது அதுதான். மாற்றினால் இதையும், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் இழக்க நேரிடும் என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கட்டும். முடிவு அவர்களுடையது. தெரியாமல் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பள்ளியில் 'நீங்க யாரு' என்று கேட்டால், 'எட்டாவது படிக்கிற பையனோட அம்மா' என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய அடையாள அட்டை வேண்டாம். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் பையன் பள்ளியில் யார் யார் உறுப்பினர் என்று விசாரியுங்கள். அடுத்த முறை குழு அமைக்கும்போது நீங்களே பெயர் கொடுக்கலாம். அதற்கு முன்னால் தலைமை ஆசிரியரை ஒரு தடவை தனியாகப் பார்த்து, 'மீட்டிங்குக்கு வரத் தயங்குற அம்மாக்களைக் கூட்டிட்டு வர்றோம், வந்தா கொஞ்சம் தன்மையா பேசுங்க' என்று கேட்டு வையுங்கள். முதல் சில மாதங்களுக்கு எந்தப் புகாரையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டாய்லெட் சரியில்லை, மிஸ் வரவில்லை, எல்லாம் இருக்கும். ஒரு நம்பிக்கை வரட்டும், பிறகு குழுக் கூட்டத்திலேயே கேட்கலாம். பிள்ளையை அடித்தார்கள், கேவலமாகப் பேசினார்கள் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அடிப்பதையும் மனசை நோகடிப்பதையும் அதே சட்டம் தடை செய்திருக்கிறது.

உங்கள் மெஷின் பக்கத்தில் கேட்டது அடுத்த சந்துக்குப் போகக் கூடாது. இதை மூன்று பேரும் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற புருஷன், ஓடிப்போன அக்கா, கஞ்சா பிடிக்கிற அண்ணன் என்று எல்லாம் காதுக்கு வரும். ஒரு தடவை வெளியே கசிந்தால் மறுபடி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில விஷயங்களை நீங்கள் தூக்கிச் சுமக்கவும் கூடாது. பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து, தகாத முறையில் தொடுகிறார்கள், பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் பண்ணுங்கள். பேசுகிறவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். படிப்பு, சேர்க்கை, உதவித்தொகை பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது.

ஆளுக்கு மூன்று நான்கு குடும்பத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தெரு முழுக்க என்று ஆரம்பித்தால் இரண்டு மாதத்தில் மூச்சு வாங்கும். பாடம் சொல்லித் தருவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமெல்லாம் இரவுப் பாடசாலைகள் பல காலமாக நடக்கின்றன. காலேஜ் படிக்கும் பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி எது இருக்கிறது என்று பார்த்து அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை அவர்கள் பார்க்கட்டும், பெற்றோரை நீங்கள் பாருங்கள். அப்பாக்களைப் பொறுத்தவரை, பெண்கள் போய்ப் பேசி எடுபடுவது கஷ்டம். ஆட்டோ ஸ்டாண்டிலோ கேரம் கிளப்பிலோ பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் ஒரு அப்பாவாவது இருப்பார். அவரைப் பிடியுங்கள். உங்கள் கணவரே அந்த ஆளாக வரலாம். கேள்வி கேட்கிறவர் என்றால் இதைப் பற்றி யோசிக்கிறார் என்றுதானே அர்த்தம்.

கடைசியாக அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். முதலில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் சம்பாதிக்கப் போனானா, வகுப்பிலிருந்து தப்பிக்கப் போனானா? எட்டாவது வரை ஃபெயில் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பையனும் ஒன்பதாவதுக்கு வந்துவிடுவான். அங்கே பாடம் மலையாக நிற்கும்போது, 'வீட்டுக்கு உதவி பண்றேன்' என்று வேலைக்குப் போவது அவனுக்குக் கௌரவமான வழியாகத் தெரியும். மீன் பெட்டி தூக்கினால் அன்றைக்கே கையில் காசு, நாலு பேர் 'தம்பி' என்று கூப்பிடுகிறார்கள். பள்ளியில் அவனுக்கு இது இரண்டும் இல்லை. அவனிடம் 'ஏன்டா போறதில்ல' என்று கேட்காதீர்கள். 'எந்த பாடம்டா ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்று கேளுங்கள். உங்கள் மீன்காரத் தோழிக்கு அவன் வேலை செய்யும் இடம் தெரிந்திருக்கும். அவர் அங்கேயே ஒரு டீயோடு இதைக் கேட்கலாம்.

தப்பிக்கப் போனவன் என்றால், வகுப்பாசிரியரிடம் அவனுக்கு அடிப்படையிலிருந்து தனியாகச் சொல்லித்தர வழி உண்டா என்று கேட்க வேண்டும். இரவுப் பாடசாலையும் இதற்கு உதவும். பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ. போகலாம், வடசென்னையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது என்பதை அவன் காதில் போட்டு வையுங்கள். கையால் வேலை செய்யப் பிடித்த பையனுக்கு, படிப்பு முடிவில்லாமல் நீளும் ஒன்று இல்லை என்று தெரிவது பெரிய ஆறுதல். நிஜமாகவே வீட்டில் காசில்லாமல் போனவன் என்றால் பேச்சு அவன் அம்மா அப்பாவோடுதான். அங்கே சட்டத்தைச் சொல்லி மிரட்ட வேண்டாம். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்பது வேலை கொடுக்கிறவருக்குத் தெரிய வேண்டியது. வீட்டில் பேச வேண்டியது, எந்தக் கடன் நெருக்குகிறது, பள்ளி விடும் நேரத்துக்கு அப்புறமும் லீவு நாளிலும் வீட்டு வேலையில் அவன் கைகொடுத்தால் சமாளிக்க முடியுமா என்பதைத்தான்.

இரண்டில் எதுவாக இருந்தாலும், டி.சி. மட்டும் வாங்க விடாதீர்கள். கோபத்தில், 'எப்படியும் போகப்போறதில்ல, டி.சி.யை வாங்கிடு' என்று ஒரு அப்பா சொல்லிவிடுவார். பள்ளியிலும் சில நேரம் ரிசல்ட் கெடாமல் இருக்கட்டும் என்று அதற்குத் தலையாட்டுவார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை அவன் நீண்ட நாள் லீவில் இருக்கும் மாணவன். எந்தத் திங்கட்கிழமையும் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். பெயர் போய்விட்டால் மறுபடி சேர்ப்பதற்கு அலைச்சல், அதற்குள் அவன் மனசும் மாறிவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அவன் பெயர் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டு, அதை எடுத்துவிட வேண்டாம் என்று அந்த அம்மா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.